கடினத்தைவிடப் பிடிப்பு முக்கியம்: தேய்மானத்தைத் தாங்கும் கார்பன் மென்படலங்கள்

பூச்சுக் கூடங்களில் அன்றாடம் நடக்கும் ஒரு சோதனையிலிருந்து தொடங்குவது நல்லது. கார்பன் படலம் பூசிய எஃகுத் துண்டு ஒன்றை, உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கருவியில் வைத்து, 120 பாகைக் கோணமுள்ள வைரக் கூம்பை 150 கிலோ சுமையில் அதன்மீது அழுத்தி எடுக்கிறார்கள். எஃகில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் ஒரு குழி விழுகிறது. அந்தக் குழியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும்போது, அதன் விளிம்பிலிருந்து வெளிப்புறமாகக் கரிய படலத்தில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடியிருந்தால் கவலையில்லை. அடியிலிருக்கும் எஃகே நசுங்கும்போது, மேலே இருக்கும் விறைப்பான படலம் வெடிக்காமல் இருக்க முடியாது. ஆனால் விளிம்பைச் சுற்றிப் படலம் செதில் செதிலாகப் பெயர்ந்து, அடி உலோகம் வெள்ளையாகப் பளிச்சிட்டால், அந்தத் துண்டோடு சேர்த்துப் பூசப்பட்ட பாகங்கள் அனைத்துமே சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. குழியின் தோற்றத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். முதல் நான்கு தரங்கள் ஏற்கத்தக்கவை, கடைசி இரண்டும் தள்ளத்தக்கவை.

படலம் எவ்வளவு கடினமானது என்று இந்தச் சோதனை கேட்பதே இல்லை. தன் அடித்தளத்தை விட்டு அது விலகுகிறதா, விலகவில்லையா என்பது ஒன்றே இங்கே கேள்வி. தேய்மானத்தைத் தாங்கும் கார்பன் பூச்சுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடினத்தில் தொடங்கிக் கடினத்திலேயே முடிந்துவிடுகிறது. விளம்பரத் தாள்களிலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. கடினமான கார்பன் படலத்தை உருவாக்கும் வழி அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அதை உலோகத்தின்மீது நிலைநிறுத்துவதும், எந்தச் சூழலில் எதனுடன் உரசப்போகிறது என்பதற்கேற்ப அதைத் தேர்வதும்தான் இத்துறையின் உண்மையான உழைப்பாக இருந்து வந்திருக்கின்றன.

முதலில் தேய்மானம் என்றால் என்னவென்று சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கண்ணாடி போல மெருகேற்றிய இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும், அவை முழுப் பரப்பிலும் தொட்டுக்கொள்வதில்லை. நுண்ணிய மேடுகளின் முகடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. சுமை முழுவதையும் அந்தச் சில முகடுகளே தாங்குகின்றன. அந்த இடங்களில் அழுத்தம் மிக அதிகமாகி, உலோகம் உலோகத்தோடு ஒட்டி, நகரும்போது பிய்ந்து வருகிறது. பிய்ந்த துகள் கடினமாக இருந்தால் எதிர்ப் பரப்பை உழுதுகொண்டு போகிறது. தேய்ந்து போகும் பொருளின் கன அளவு, சுமையும் நகரும் தூரமும் கூடும்போது கூடும், கடினம் கூடும்போது குறையும் என்ற எளிய சமன்பாட்டை 1953-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆர்ச்சர்டு வெளியிட்டார். இன்றும் பொறியாளர்கள் அதைத்தான் முதலில் எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள்.

அந்தச் சமன்பாட்டை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். நன்கு கடினமாக்கிய பேரிங் எஃகின் கடினம் 8 ஜிகாபாஸ்கல் (கடினத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் அலகு) அளவில் இருக்கும்; எஞ்சின் பாகங்களில் வழக்கமாகப் பூசப்படும் கார்பன் படலத்தின் கடினம் ஏறத்தாழ 20 ஜிகாபாஸ்கல். கடினம் மட்டுமே காரணம் என்றால், பூச்சு தேய்மானத்தை இரண்டரை மடங்குதான் குறைக்க வேண்டும். நடைமுறையில், உலர்ந்த உரசலில் எஃகோடு எஃகு தேய்வதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நல்ல கார்பன் படலம் தேய்கிறது. மீதி வேறுபாடு எங்கிருந்து வருகிறது? சமன்பாட்டில் எல்லோரும் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் தேய்மானக் கெழு என்ற எண்ணுக்குள் அது ஒளிந்திருக்கிறது. இரு பரப்புகளும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்ட விரும்புகின்றன, இடையில் ஈரம் உண்டா, எண்ணெய் உண்டா, உரசலின்போது மேற்பரப்பு வேறொன்றாக மாறுகிறதா என்பன எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. கார்பனின் வல்லமை இந்த எண்ணைக் குறைப்பதில்தான் பெரிதும் இருக்கிறது.

இதன் பொருளாதார எடையும் சிறியதல்ல. உராய்வையும் தேய்மானத்தையும் ஆராயும் துறைக்கு டிரைபாலஜி என்ற பெயரே 1966-இல் பிரிட்டிஷ் அரசுக்கு அளிக்கப்பட்ட ஓர் அறிக்கையில்தான் முதலில் இடம்பெற்றது. இந்த அறிவைச் சரியாகப் பயன்படுத்தினால் அந்நாட்டுத் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம்பிடிக்கலாம் என்று அது மதிப்பிட்டது. 2017-இல் ஹோம்பெர்க், எர்டெமிர் ஆகிய இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகம் செலவிடும் ஆற்றலில் சுமார் 23 விழுக்காடு உரசும் பரப்புகளில் செலவாகிறது. அதில் 20 விழுக்காடு உராய்வை மீறுவதற்கும், 3 விழுக்காடு தேய்ந்த பாகங்களை மறுபடி செய்வதற்கும் போகிறது.

இனி கார்பனுக்கு வருவோம். கார்பன் அணு தன் அண்டை அணுக்களோடு கைகோக்கும் விதங்களில் இரண்டு நமக்கு வேண்டியவை. நான்கு திசைகளிலும் நான்கு அணுக்களோடு சமமாகப் பிணைந்தால் அது எஸ்பி3 பிணைப்பு. வைரத்தில் எல்லாப் பிணைப்பும் அதுவே. ஒரே தளத்தில் மூன்று அணுக்களோடு மட்டும் பிணைந்தால் அது எஸ்பி2. கிராஃபைட்டின் தாள்கள் அப்படிப்பட்டவை. கிராஃபைட்டின் ஒரு தாளுக்குள் இருக்கும் பிணைப்பின் நீளம் 0.142 நானோமீட்டர், வைரத்தின் பிணைப்பு 0.154 நானோமீட்டர்; அதாவது தாளுக்குள்ளே கிராஃபைட் வைரத்தைவிட இறுக்கமானது. ஆனால் தாளுக்கும் தாளுக்கும் இடையே 0.335 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியின் தளர்ச்சிதான் கிராஃபைட்டை வழுக்க வைக்கிறது.

இங்கே பேசப்படும் படலம் இவ்விரண்டில் எதுவும் அல்ல. இரண்டு வகைப் பிணைப்புகளும் ஒழுங்கின்றிக் கலந்து உறைந்து நிற்கும், படிக அமைப்பற்ற பொருள் அது. வைரநிகர் கார்பன் என்பது அதன் பொதுப்பெயர். பட்டறைப் பேச்சில் டி.எல்.சி. உள்ளே ஹைட்ரஜன் கலந்திருக்கிறதா இல்லையா, எஸ்பி3 பிணைப்பு எத்தனை விழுக்காடு என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையைப் பொறுத்து இது ஒரு குடும்பமாகவே விரிகிறது. ஹைட்ரஜன் கலந்த கடின வகை 10 முதல் 30 ஜிகாபாஸ்கல் வரை கடினம் கொண்டது. ஹைட்ரஜன் இல்லாமல், எஸ்பி3 பிணைப்பு 85 விழுக்காட்டை எட்டும் வகை 80 ஜிகாபாஸ்கல் வரை போகிறது. வைரமோ 100 ஜிகாபாஸ்கல் அளவில் நிற்கிறது. ஹைட்ரஜன் மிகுதியானால் படலம் பாலிமர் போல மிருதுவாகிவிடும். டங்ஸ்டன், சிலிக்கான், குரோமியம் போன்றவற்றை வேண்டுமென்றே கலந்த வகைகளும் உண்டு. டி.எல்.சி. பூசியது என்று மட்டும் சொல்லும் ஒரு பொருள் இவற்றில் எதை வேண்டுமானாலும் கொண்டிருக்கலாம் என்பதால், அந்த மூன்றெழுத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

அசிட்டிலீன் வாயுவில் மின்பொழிவை உண்டாக்கியபோது கடினமான கரிய படலம் ஒன்று படிவதை 1953-இல் ஜெர்மனியில் ஷ்மெல்லென்மையர் பதிவு செய்தார். அப்போது அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1971-இல் அமெரிக்காவில் ஐசன்பெர்கும் ஷபோவும் கார்பன் அயனிக் கற்றையைக் கொண்டு, கீறலைத் தாங்கும், ஒளி ஊடுருவும் படலத்தைச் சாதாரண வெப்பநிலையிலேயே படியவைத்தார்கள். வைரத்தை ஒத்தது என்ற பெயர் அவர்களிடமிருந்து வந்ததுதான்.

சாதாரண வெப்பநிலை என்ற அந்தச் சொல் முக்கியமானது. இயற்கையில் வைரம் உருவாகப் பெரும் அழுத்தமும் வெப்பமும் வேண்டும். இங்கே அந்த வேலையை அயனியின் வேகம் செய்கிறது. வெற்றிடக் கலனுக்குள் கார்பன் அயனிகளை மின்னழுத்தத்தால் முடுக்கி, வளர்ந்துகொண்டிருக்கும் படலத்தின்மீது மோதவிட்டால், அவை மேற்பரப்பில் மெல்ல வந்து உட்காராமல், அதைத் துளைத்துக்கொண்டு ஓரிரு அணு அடுக்கு ஆழத்தில் செருகிக்கொள்கின்றன. ஏற்கெனவே நிறைந்திருக்கும் இடத்தில் புதிய அணு நுழையும்போது அங்கே அடர்த்தி கூடுகிறது; அந்த நெரிசலில் அணுக்கள் குறைந்த இடத்தில் அடங்கும் எஸ்பி3 பிணைப்பை ஏற்கின்றன. அயனியின் ஆற்றல் 100 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும்போது இந்த விளைவு உச்சத்தை எட்டுகிறது. அதைவிடக் குறைந்தால் அயனி உள்ளே நுழைவதில்லை. மிகவும் கூடினால், மோதிய இடம் சூடாகி, நெரிசல் தளர்ந்து, கார்பன் தனக்கு வசதியான கிராஃபைட் நிலைக்கே திரும்பிவிடுகிறது.

தொழில்முறையில் இதைச் செய்யச் சில வழிகள் உண்டு. அசிட்டிலீன் அல்லது மீத்தேன் வாயுவைக் கலனுக்குள் விட்டு, மின்னேற்றமுள்ள துகள்கள் நிறைந்த பிளாஸ்மாவாக்கிப் படியவைப்பது மிகப் பரவலானது. இதில் ஹைட்ரஜன் படலத்துக்குள் தானாகவே வந்துவிடும். கிராஃபைட் கட்டியை ஆர்கான் அயனிகளால் அடித்து அணுக்களை உதிர்த்துப் பூசுவது ஸ்பட்டரிங். கிராஃபைட்டின்மீது மின்வில்லைப் பாய்ச்சி, ஹைட்ரஜனற்ற, மிகக் கடினமான படலத்தைப் பெறலாம். ஆனால் மின்வில் தெறிக்கவிடும் கிராஃபைட் துகள்கள் படலத்தில் பரு போல ஒட்டிக்கொள்ளும். பருக்களைத் தவிர்க்க, பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் ஒரு வளைந்த குழாய் வழியே திருப்பி அனுப்புகிறார்கள். மின்னேற்றமுள்ள அயனி வளைவோடு வளைந்து போகும். கனமான துகளோ நேராகப் போய்க் குழாய்ச் சுவரில் மோதித் தங்கிவிடும்.

எந்த வழியானாலும், பாகத்தின் வெப்பநிலையை 200 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைத்திருக்க முடிகிறது. கடினமாக்கிய பேரிங் எஃகைப் பதப்படுத்தும் வெப்பம் பெரும்பாலும் 150 முதல் 200 டிகிரிக்குள்தான் இருக்கும் என்பதால், அதைத் தாண்டிச் சூடாக்கினால் எஃகு தன் கடினத்தை இழக்கும், நுட்பமாகக் கடைந்த அளவும் மாறிப்போகும். டைட்டானியம் நைட்ரைடு போன்ற பொன்னிறப் பூச்சுகள் பெரும்பாலும் கூடுதல் வெப்பம் கேட்பவை. நுண்ணளவு மாறக்கூடாத பேரிங், கியர் போன்ற பாகங்களுக்குள் கார்பன் நுழைய முடிந்ததற்கு இந்தக் குறைந்த வெப்பநிலை ஒரு பெரிய காரணம்.

இனி, முதலில் சொன்ன குழிக்குத் திரும்புவோம். நெரித்து அடைத்த அணுக்கள் விரியத் துடித்துக்கொண்டே இருக்கும். கடினத்தைத் தரும் அதே நெரிசல்தான் படலத்துக்குள் அமுக்கத் தகைவாகவும், அதாவது உள்ளே அடைபட்ட அழுத்தமாகவும், தங்கிவிடுகிறது. வழக்கமான படலங்களில் அது 1 முதல் 3 ஜிகாபாஸ்கல். மிகக் கடினமான ஹைட்ரஜனற்ற வகையில் 10 ஜிகாபாஸ்கலைத் தொடலாம். சாதாரணக் கட்டுமான எஃகு 0.25 ஜிகாபாஸ்கல் அளவிலேயே வளையத் தொடங்கிவிடும் என்பதை நினைத்தால், இந்தத் தகைவின் மூர்க்கம் விளங்கும். படலம் தடிமனாக ஆக, அதற்குள் சேமிக்கப்படும் மீள்ஆற்றலும் கூடுகிறது. அடித்தளத்தோடு அதைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றலைவிட அது மிகும் கணத்தில், யாரும் தொடாமலே படலம் எழும்பிப் பெயர்ந்துவிடும். கலனைத் திறக்கும்போது நன்றாக இருந்த பூச்சு, மறுநாள் பார்க்கையில் புழு ஊர்ந்த தடம் போல நெளிநெளியாகப் புடைத்து நிற்பதை இத்துறையில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். இந்தப் படலங்கள் பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிறுத்தப்படுவதற்குக் காரணம் சிக்கனம் அல்ல, இந்தத் தகைவுதான்.

பிடிப்பை உண்டாக்கும் வேலை கார்பனுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பாகங்களைக் கழுவி, உலர்த்தி, கையுறை அணிந்த கையால் மட்டுமே தாங்கிகளில் அடுக்குகிறார்கள். ஒரு விரல்ரேகையின் எண்ணெய்ப்பசை போதும், அந்த இடத்தில் படலம் பிறகு உரிந்துவர. கலனை வெற்றிடமாக்கியபின், ஆர்கான் அயனிகளால் மேற்பரப்பை அடித்து, கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு அடுக்கைச் சுரண்டி எடுக்கிறார்கள். அதன்பின் குரோமியமோ டைட்டானியமோ சிலிக்கானோ கொண்டு ஓர் இடைப்படலம். இத்தனிமங்கள் உலோகத்தோடும் ஒட்டும், கார்பனோடு வலுவான கார்பைடாகவும் பிணையும். இரு தரப்புக்கும் வேண்டியவராக நடுவில் நின்று உறவைக் கட்டும் வேலை அது. பரவலான ஓர் அமைப்பில், குரோமியத்துக்கு மேல் டங்ஸ்டன் கார்பைடு, அதற்கு மேல் டங்ஸ்டன் படிப்படியாகக் குறைந்து கார்பன் கூடும் பகுதி, கடைசியில் தூய கார்பன் என்று அடுக்குகள் சரிந்து ஏறுகின்றன. எங்கும் திடீர் எல்லை இல்லாததால், தகைவு ஒரே கோட்டில் குவிவதில்லை. வாடிக்கையாளர் பார்ப்பது மேலே இருக்கும் கருப்பு நிறத்தை மட்டுமே. அவர் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி அந்தக் கருப்புக்குக் கீழே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அடித்தளத்தின் கடினமும் இதோடு சேர்ந்தது. மிருதுவான அலுமினியத்தின்மீது 2 மைக்ரான் கார்பனைப் பூசிவிட்டு, அதன்மேல் கூர்மையான சுமையைக் கொடுத்தால், அலுமினியம் அமுங்கும். அமுங்கத் தெரியாத படலம் முட்டை ஓடு போல உடைந்து உள்ளே விழும். உடைந்த துகள்கள் மணலைவிட மோசமான அரைப்பொருளாக மாறி, பூசாமல் இருந்திருந்தால் ஏற்பட்டிருக்கும் சேதத்தைவிட அதிகமாகச் செய்துவிடும். ஆகவே எஃகை முதலில் நைட்ரஜன் ஊட்டிக் கடினமாக்கிவிட்டு அதன்மேல் பூசுவது பல இடங்களில் வழக்கம். நலிந்த உலோகத்தைக் காப்பாற்றப் பூச்சை நாடுபவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது: சுமையைத் தாங்குவது எப்போதும் அடியிலிருக்கும் உலோகமே; படலம் அதன் தோலை மட்டும் காக்கிறது.

உராய்வின் கதை இதைவிடச் சுவையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியபோது, அவற்றின் மின்னாக்கிகளில் இருந்த கார்பன் பிரஷ்கள் சில மணி நேரத்திலேயே தூளாகிப் போயின. தரைமட்டத்தில் அதே பிரஷ்கள் நெடுங்காலம் உழைத்தவை. காரணத்தைத் தேடியபோது, கிராஃபைட் தன் இயல்பால் மட்டும் வழுக்குவதில்லை, காற்றிலிருக்கும் நீராவியும் அதற்கு வேண்டும் என்பது தெரியவந்தது. உடைந்த விளிம்புகளில் பிணைப்பின்றித் தொங்கும் கார்பன் கைகளை நீர் மூலக்கூறுகள் பற்றி மூடிவிடுகின்றன. உயரத்தின் உலர்ந்த காற்றில் அந்தக் கைகள் திறந்தே கிடந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் பற்றி இழுக்கின்றன.

வைரநிகர் கார்பனிலும் இதே விதிதான், ஆனால் இரு கிளைகளாக. ஹைட்ரஜனற்ற கடின வகை ஈரக் காற்றில் 0.1 அளவிலான உராய்வுக் கெழுவோடு (உராய்வு விசையைச் சுமையால் வகுத்து வரும் எண்) நன்றாக வழுக்கும். வெற்றிடத்தில் அது பலமடங்கு உயர்ந்து, படலம் விரைவில் அழிந்துவிடும். ஹைட்ரஜன் செறிந்த வகை நேரெதிர். அதன் மேற்பரப்பில் தொங்கும் கைகளை ஹைட்ரஜன் ஏற்கெனவே மூடி வைத்திருப்பதால், உலர்ந்த நைட்ரஜனிலும் வெற்றிடத்திலும் அது வியக்கத்தக்க அளவுக்கு வழுக்குகிறது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் எர்டெமிர் குழுவினர் 1990-களில் உருவாக்கிய அத்தகைய படலம், உலர்ந்த நைட்ரஜனில் 0.001 என்ற உராய்வுக் கெழுவை எட்டியது. எண்ணெயிட்ட எஃகுப் பரப்புகள் அழுந்தி உரசும்போதுகூட அது 0.1-க்கு அருகில்தான் இருக்கும். அதே படலத்தை ஈரக் காற்றுக்குக் கொண்டுவந்தால் அந்த அற்புதம் மறைந்துவிடும். ஆகவே, ஒரு பூச்சின் உராய்வுக் கெழு இன்னது என்று, சூழலைச் சொல்லாமல் தரப்படும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

உரசல் தொடங்கிய சற்று நேரத்தில் நிகழும் இன்னொன்றும் உண்டு. படலத்திலிருந்து மிக மெல்லிய அடுக்கு பிரிந்து, எதிரே உரசும் பூசப்படாத உலோகத்தின்மீது போய்ப் படிகிறது. அதன்பிறகு உண்மையில் உரசிக்கொள்வது கார்பனும் உலோகமும் அல்ல, கார்பனும் கார்பனும்தான். உரசலின் வெப்பத்தாலும் நெரிப்பாலும் அந்தப் படிவு ஓரளவு கிராஃபைட் தன்மையையும் பெற்றுவிடுகிறது. தன்னில் ஒரு சிறு பகுதியை எதிரிக்குக் கொடுத்துத்தான் இந்தப் பூச்சு இரு பக்கத்தையும் காக்கிறது. இரண்டு பாகங்களில் ஒன்றை மட்டும் பூசினாலே பல இடங்களில் போதுமானதாக இருப்பது இதனால்தான்.

எஞ்சினுக்குள் எண்ணெய் வந்து சேரும்போது கணக்கு மறுபடி மாறுகிறது. எஞ்சின் எண்ணெயில் கலக்கும் சேர்மங்கள் எல்லாம் இரும்பின் மேற்பரப்போடு வினைபுரியத் தக்கவாறு பல பத்தாண்டுகளாக வடிவமைக்கப்பட்டவை. கார்பனை அவை தங்களவராகக் கருதுவதில்லை. மாலிப்டினம் அடங்கிய உராய்வுக்குறைப்புச் சேர்மம் ஒன்று, எஃகுக்கு நன்மை செய்துகொண்டே, ஹைட்ரஜன் கலந்த கார்பன் படலத்தின் தேய்மானத்தை வெகுவாகக் கூட்டிவிடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. மாறாக, ஹைட்ரஜனற்ற படலமும் கிளிசரால் மோனோஒலியேட் என்ற எஸ்டர் சேர்ந்த எண்ணெயும் கூடும்போது உராய்வு மிகவும் இறங்குகிறது. இந்தக் கூட்டணியைக் கண்டறிந்த நிசான் நிறுவனம், 2000-களின் நடுப்பகுதியில் தன் பெட்ரோல் எஞ்சின்களின் வால்வு லிஃப்டர்களில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. பூச்சையும் எண்ணெயையும் ஒரே பொருளாக நினைத்துத் தேர்ந்த எடுத்துக்காட்டு இது. பூச்சை ஒரு துறையும் எண்ணெயை வேறொரு துறையும் தனித்தனியே வாங்கும் இடங்களில் இப்படி நடப்பது கடினம்.

டீசல் இன்ஜெக்டரில் நிலைமை வேறு. அங்கே எரிபொருள் 2000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. ஊசிக்கும் அதன் வழிகாட்டிக்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. கந்தகம் நீக்கிய டீசலுக்கு இயல்பான வழுக்குதன்மையும் குறைவு. இவ்வளவு குறுகிய இடத்தில் தடிமனான எந்தப் பூச்சும் நுழையாது. 2 மைக்ரான் என்பது இங்கே குறையாக இல்லாமல், அளவெடுத்துத் தைத்ததாக அமைந்துவிடுகிறது. பிஸ்டன் பின், கியர், ரேசர் பிளேடின் விளிம்பு, அலுமினியம் கடையும் வெட்டுக்கருவி ஆகியவற்றிலும் இதே படலங்கள் உழைக்கின்றன.

மெலிவின் எல்லையை ஹார்ட் டிஸ்க்கில் பார்க்கலாம். சுழலும் தட்டின் காந்தப் படலத்தைத் துருவிலிருந்தும், மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் தலையின் உரசலிலிருந்தும் காப்பது கார்பன் படலம்தான். தலைக்கும் காந்தப் படலத்துக்கும் இடையே தூரம் கூடக்கூட, எழுதிய தகவலின் சமிக்ஞை மடமடவென்று மங்கும்; ஆகவே காப்புப் படலம் 2 முதல் 3 நானோமீட்டருக்குள் அடங்க வேண்டும். ஒரு கார்பன் பிணைப்பின் நீளத்தோடு ஒப்பிட்டால், அது பத்துப் பதினைந்து அணுக்களின் உயரம்கூட அதிகம் தாண்டாது. அந்த உயரத்தில் ஓர் ஊசித்துளையும் இல்லாமல் தட்டு முழுவதையும் மூடவேண்டும்.

வெப்பப் படக்கருவிகளின் ஜெர்மானியம் கண்ணாடிகளில் கார்பன் இரட்டை வேலை செய்கிறது. ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் 4. பூசாத ஒவ்வொரு பரப்பிலும் வந்து விழும் அகச்சிவப்புக் கதிரில் 36 விழுக்காடு திரும்பிப் போய்விடும். நடுவில் வைக்கும் படலத்தின் ஒளிவிலகல் எண் 4-இன் வர்க்கமூலமான 2 ஆகவும், அதன் தடிமன் படலத்துக்குள் கதிரின் அலைநீளத்தில் கால்பங்காகவும் இருந்தால் அந்த இழப்பு கிட்டத்தட்ட மறைந்துவிடும். வைரநிகர் கார்பனின் ஒளிவிலகல் எண் 2-ஐ ஒட்டியே அமைந்திருக்கிறது. 10 மைக்ரான் அலைநீளத்துக்கு 1.25 மைக்ரான் தடிமன் போதும். அதே படலம் மணலும் மழைத்துளியும் கண்ணாடியைக் கீறாமலும் காக்கிறது. இவ்வளவு பொருத்தமாக ஒரு பொருள் வாய்ப்பது அரிது.

உடலுக்குள் வைத்த முயற்சியோ பாடமாக முடிந்தது. 1990-களில் ஐரோப்பாவில், கார்பன் பூசிய டைட்டானியம் உருண்டைகள் கொண்ட செயற்கை இடுப்பு மூட்டுகள் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. ஆய்வகத்தின் உரசல் சோதனைகளில் அவை சிறப்பாக இருந்தன. பொருத்திய தொடக்க காலத்திலும் குறையொன்றும் தெரியவில்லை. சில ஆண்டுகளில் படலம் அங்கங்கே பெயர்ந்து, மூட்டுகள் தளர்ந்து, பலருக்கு மறுபடி அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. வெளியே எடுத்த உருண்டைகளை ஆராய்ந்தபோது, கார்பன் தேய்ந்துபோகவில்லை என்பதும், படலத்தின் ஊசித்துளைகள் வழியே இறங்கிய உடல் திரவம் அடியிலிருந்த பிடிப்பு அடுக்கை மெல்ல மெல்ல அரித்திருந்தது என்பதும் தெரிந்தன. கடினத்தை அளக்கும் எந்தக் கருவியும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. உரசலை மட்டும் சோதித்து, திரவத்தில் ஆண்டுக்கணக்கில் ஊறும் பிடிப்பைச் சோதிக்காமல் விட்டதன் விலையை நோயாளிகள் கொடுத்தார்கள் என்பது மனத்தை உறுத்துகிறது.

வெப்பம் இந்தப் படலங்களின் தெளிவான எல்லை. ஹைட்ரஜன் கலந்த வகை 300 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் ஹைட்ரஜனை இழந்து, கிராஃபைட்டாக மாறத் தொடங்கும். ஹைட்ரஜனற்ற வகை இன்னும் சற்று மேலே தாங்கும். சிலிக்கான் கலப்பதும் ஓரளவு கைகொடுக்கும். சூடான இரும்பு கார்பனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும் என்பதால், எஃகை அதிவேகமாகக் கடையும் கருவிகளுக்கு வைரமும் ஒத்துவராது, இந்தப் படலமும் ஒத்துவராது. கடினக் குரோமிய முலாம் பூசும் தொட்டிகளில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவதால் அதற்கு மாற்றாக இது பரிந்துரைக்கப்படுகிறது. அது பாதி மட்டுமே உண்மை. தேய்ந்த தண்டின்மேல் பல பத்து மைக்ரான் முலாம் ஏற்றி மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் வேலையைக் கார்பன் படலத்தால் செய்ய இயலாது.

பூசி வந்த பாகத்தைச் சரிபார்க்க விரும்புபவருக்கு மிக எளிய ஒரு சோதனை உண்டு. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையை, வைரத்தூள் கலந்த பசையோடு, பூச்சின்மேல் சற்று நேரம் சுழலவிட்டால், ஆழமில்லாத வட்டக் கிண்ணம் போல ஒரு தேய்வு உண்டாகும். நுண்ணோக்கியில் அது ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்களாகத் தெரியும்: வெளியே கரிய கார்பன் வளையம், அதற்குள் இடைப்படலத்தின் சாம்பல் கோடு, நடுவில் எஃகின் வெண்மை. வெளிவட்டத்தின் விட்டம் 0.80 மில்லிமீட்டர், எஃகு தொடங்கும் உள்வட்டத்தின் விட்டம் 0.63 மில்லிமீட்டர் என்றால், மொத்தத் தடிமன் ஏறத்தாழ 2 மைக்ரான் என்று வடிவியல் சொல்லிவிடும். இடைப்படலம் விடுபட்டிருந்தால் அந்தச் சாம்பல் கோடு இருக்காது. கடினத்தை அளக்க விரும்பினாலும் இந்தத் தடிமனை முதலில் அறிந்தாக வேண்டும். அளக்கும் முனை படலத்தின் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு மேல் இறங்கினால், அடியிலிருக்கும் எஃகின் கடினமும் அந்த எண்ணில் கலந்துவிடும்.

சோதனையில் தவறிய பாகம் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. அதை மறுபடி கலனுக்குள் வைத்து ஆக்சிஜன் பிளாஸ்மாவை எரியவிட்டால், எவ்வளவு கடினமான படலமும் கார்பன் டைஆக்சைடாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் நீராவியாகவும் மாறிப் பம்ப்பின் வழியே வெளியேறிவிடும். குரோமிய இடைப்படலத்தைத் தனியாக ரசாயனக் கரைசலில் நீக்குகிறார்கள். எஃகு கீறலின்றி வெளியே வருகிறது. கழுவி, உலர்த்தி, முதல் அடுக்கிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.